615 கோடி செலவழித்து நிலாவில் இறங்கினோமே, என்னதான் தெரிந்தது?

11 மே 2025, வாசகர் கேள்வி

சந்திரயான்-3 இறங்கி இரண்டு வருடம் ஆகப்போகிறது. இறங்கிய அன்று எல்லோரும் கைதட்டினோம். அதற்கப்புறம் அது என்ன கண்டுபிடித்தது என்று யாராவது நாலு வரியில் சொல்ல முடியுமா? கந்தகம் இருக்கிறது என்று ஒரு செய்தி பார்த்தேன், அவ்வளவுதான்.

12 மே 2025, இரவு

நாலு வரியில் முடியாது. நான் விஞ்ஞானி இல்லை, பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். ஆனால் இந்த ஒரு விஷயத்தை இரண்டு வருடமாக விடாமல் படித்துவருகிறேன்.

2023 ஆகஸ்ட் 23, மாலை ஆறு மணி தாண்டியதும் லேண்டர் தரை தொட்டது. எங்கள் ஆபீஸில் லோடுக்காகக் காத்திருந்த டிரைவர்கள், கிளீனர்கள் எல்லோரும் ஒரே போனைச் சுற்றி நின்று பார்த்தோம். நான்கு வருடம் முன்பு, 2019 செப்டம்பரில், சந்திரயான்-2 லேண்டர் கடைசி நேரத்தில் தொடர்பு அறுந்து விழுந்ததும் எல்லோருக்கும் நினைவில் இருந்தது. அதனால் இந்த முறை கைதட்டலோடு கொஞ்சம் அழுகையும் இருந்தது. மறுநாள் பத்திரிகை, அந்த வாரம் முழுக்க வாட்ஸ்அப். அதற்கப்புறம் பேச்சே இல்லை.

உண்மையில் வேலை ஆரம்பித்ததே அதற்கப்புறம்தான். 26 கிலோ எடையுள்ள பிரக்யான் ரோவர் இறங்கி மொத்தம் நூறு மீட்டர் சொச்சம் உருண்டது. ஒரு நிலாப் பகல், அதாவது நம் கணக்கில் பதினான்கு நாள், அதற்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். வழியில் 23 இடத்தில் நின்று மண்ணின் மூலக்கூறைப் பார்த்தது. அதை வைத்து அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தார் எழுதிய கட்டுரை 2024 ஆகஸ்டில் நேச்சர் இதழில் வந்தது. அதில் இருப்பதுதான் உங்கள் கேள்விக்குப் பெரிய விடை: நிலா ஒரு காலத்தில் முழுக்க உருகிய கற்குழம்பாக இருந்தது என்ற பழைய கருத்துக்கு, யாரும் இதுவரை போய்ப் பார்க்காத பக்கத்திலிருந்து சாட்சி கிடைத்தது.

விவரமாக நாளை எழுதுகிறேன். காலையில் ஐந்து மணிக்கு ஒரு வண்டிக்கு பில் போட வேண்டும்.

13 மே 2025, காலை

முதலில் ஒரு திருத்தம். மேலே எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு பேர் "தென் துருவத்தில் இருந்து கிடைத்த சாட்சி" என்று எடுத்துப் போட்டிருக்கிறார்கள். தென் துருவம் இல்லை. இறங்கிய இடம் தெற்கே 69.37 பாகை. துருவம் 90. நடுவே இன்னும் 620 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது, சென்னையிலிருந்து நாகர்கோவில் போவதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. துருவத்துக்குப் பக்கம் என்று சொல்லலாம், அதுவரை யாரும் இறங்காத அளவு தெற்கு என்று சொல்லலாம். அதுவே பெருமைதான், கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, "மூலக்கூறு" என்று எழுதிவிட்டேன். மூலக்கூறு என்றால் அணுக்கள் சேர்ந்தது. ரோவர் பார்த்தது தனிமங்களை: மண்ணில் எவ்வளவு அலுமினியம், எவ்வளவு கால்சியம், எவ்வளவு இரும்பு என்று. ரோவரின் எக்ஸ்-ரே கருவிக்குள் கியூரியம் என்ற கதிரியக்கப் பொருள் கொஞ்சம் இருக்கும். அதிலிருந்து வரும் கதிர்கள் மண்ணில் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய எக்ஸ்-ரேயைத் திருப்பி அனுப்பும். கூட்டத்தில் குரலை வைத்தே இன்னார் என்று சொல்கிறோமே, அதுபோல.

15 மே 2025

கற்குழம்புக் கடல், அதாவது நிலாவே உருகிக் கிடந்த காலம், பற்றிக் கேட்டவருக்கு.

எங்கள் அப்பா ஊரில் ஆலைக் கொட்டகை வைத்திருந்தார். கரும்புச் சாற்றைக் கொப்பரையில் ஊற்றிக் காய்ச்சும்போது இலேசானது எல்லாம் மேலே ஒதுங்கும், அதைக் கரண்டியால் அள்ளி எடுத்துக்கொண்டே இருப்போம். கனமானது அடியில் தங்கும். நிலாவை அந்தக் கொப்பரை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். சுமார் 450 கோடி ஆண்டுக்கு முன்பு, செவ்வாய் அளவுள்ள ஒரு கோள் பூமியில் மோதித் தெறித்ததிலிருந்து நிலா திரண்டது என்பதுதான் இன்று பெரும்பாலோர் ஏற்கும் கதை. அந்தச் சூட்டில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஆழத்துக்கு உருகிய குழம்பாக இருந்திருக்கிறது. அது ஆறும்போது இரும்பும் மக்னீசியமும் உள்ள கனமான கனிமங்கள் அடியில் போய்விட்டன. கால்சியமும் அலுமினியமும் உள்ள பிளேஜியோகிளேஸ் என்ற இலேசான கனிமம் மேலே மிதந்து ஒட்டி ஒரு வெள்ளை மேலோடாக உறைந்தது. அந்தப் பாறைக்குப் பெயர் அனார்த்தசைட்.

நாம் நிலாவில் பார்க்கும் வெள்ளைப் பகுதி அதுதான். பாட்டி வடை சுடுகிறாள் என்று குழந்தைக்குக் காட்டுகிறோமே, அந்தக் கறுப்பு வேறு, அது பிற்பாடு உள்ளேயிருந்து பொங்கி வந்து பள்ளங்களில் நிரம்பிய எரிமலைக் குழம்பு, அது உறைந்த கல்லுக்குப் பெயர் பசால்ட். பாட்டி பசால்ட், பாட்டியைச் சுற்றி இருப்பது அனார்த்தசைட். அண்ணன் மகளுக்கு இப்படிச் சொன்னதும் "அப்ப வடை எந்தக் கல்லு சித்தப்பா?" என்றாள். வடையும் பசால்ட்தான் கண்ணு என்றேன்.

15 மே 2025, இரவு

அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். ஒத்துக்கொள்ளவில்லை. "மேல வர்றது நுரையும் அழுக்கும், கல்லு எப்படிடா நுரையாகும்?" என்றார். அவர் சொல்வதுதான் சரி. நுரை காற்றால் மிதக்கிறது. நிலாவில் மிதந்தது கெட்டியான படிகம், தான் உருவான அதே குழம்பின் மேலேயே மிதந்தது. அதற்குப் பொருத்தமான உவமை தண்ணீரில் மிதக்கும் பனிக்கட்டி. உறைந்தது, உறையாததைவிட இலேசு. பொதுவாகப் பொருள்கள் இப்படி நடந்துகொள்ளாது, ஆனால் குழம்பில் இரும்பு சேரச்சேர அது கனத்துப்போய், இந்த ஒரு கனிமம் மட்டும் மேலே நின்றுவிட்டது. கொப்பரை உவமையை வாபஸ் வாங்குகிறேன்.

18 மே 2025

"இதெல்லாம் 1969-லேயே அமெரிக்காக்காரன் கண்டுபிடித்ததுதானே, நாம் புதிதாக என்ன செய்தோம்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் விஞ்ஞானம் எப்படி நடக்கிறது என்பது இதில்தான் இருக்கிறது.

அப்பல்லோ 11 இறங்கியது பாட்டியின் மேல், அதாவது கறுப்புப் பகுதியில். கொண்டுவந்த மண்ணும் பெரும்பாலும் கறுப்பு. அதைச் சலித்துப் பார்த்தபோது நடுவில் சின்னச் சின்ன வெள்ளைத் துணுக்குகள். அந்தத் துணுக்குகளைப் பார்த்துத்தான் ஜான் வுட்டும் அவருடன் இருந்தவர்களும், தனியாக ஜோசப் ஸ்மித் குழுவினரும், "இது தூரத்து மேட்டு நிலத்திலிருந்து தெறித்து வந்தது, அங்கே நிலம் முழுக்க இதுவாகத்தான் இருக்கும், அப்படியென்றால் நிலாவே உருகியிருக்க வேண்டும்" என்று சொன்னார்கள். சில மில்லிமீட்டர் துணுக்கிலிருந்து ஒரு முழு உலகத்தின் பிறப்பு! நான் இதை முதன்முதலில் படித்த அன்று ராத்திரி தூங்கவில்லை.

அப்பல்லோ 15, 16, சோவியத் யூனியனின் லூனா 20 எல்லாம் அதற்கு மேலும் சாட்சி கொண்டுவந்தன. ஆனால் அவை அனைத்தும் நம்மைப் பார்க்கும் பக்கத்தின் நடுப்பகுதியிலிருந்து வந்தவை. கடல் என்றால் நிலா முழுக்கக் கடல். அப்படியென்றால் தெற்கே தூரத்தில் போய்த் தோண்டினாலும் அதே வெள்ளைப் பாறைதான் அடித்தளமாக இருக்க வேண்டும். சுற்றுக்கலங்கள் மேலேயிருந்து பார்த்து ஆமாம் என்றன, கையில் தொட்டுப் பார்த்தவர் இல்லை. 54 வருடம் கழித்து பிரக்யான் போய்த் தொட்டது. 23 அளவீட்டிலும் மண் ஏறக்குறைய ஒரே மாதிரி, இரும்பு கொஞ்சம் கலந்த அனார்த்தசைட். கருத்து சொன்னபடியே இருந்தது.

வேறு மாதிரி இருந்திருந்தால்? புத்தகத்தைத் திருத்தி எழுதியிருப்பார்கள். அந்த வாய்ப்பு திறந்தே இருந்தது, அதனால்தான் இதைச் சோதனை என்கிறேன்.

18 மே 2025, பத்து நிமிடம் கழித்து

முக்கியமானதை விட்டுவிட்டேன். எல்லாமே எதிர்பார்த்தபடி இல்லை. மக்னீசியம் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல். மேலே மிதந்த வெள்ளை ஓட்டில் இவ்வளவு மக்னீசியத்துக்கு வேலை இல்லை, அது கீழே போன சரக்கு. இறங்கிய இடத்திலிருந்து சுமார் 350 கிலோமீட்டரில் தென்துருவ-எய்ட்கன் பள்ளத்தின் விளிம்பு இருக்கிறது. 2,500 கிலோமீட்டர் அகலம், காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை நீட்டினால் எவ்வளவோ அதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. 400 கோடி ஆண்டுக்கும் முன்னால் ஏதோ ஒன்று மோதி அந்தப் பள்ளத்தைத் தோண்டியபோது அடியில் கிடந்தது வெளியே தெறித்து வந்து இங்கே விழுந்து கலந்துவிட்டது என்று கட்டுரை சொல்கிறது. கிணறு வெட்டினால் அடிமண் மேட்டில் கிடக்குமே, அதேதான். நிலாவின் அடிமண்ணைப் பார்க்க யாரும் தோண்ட வேண்டியிருக்கவில்லை.

24 மே 2025, சனி

இந்த வாரம் முழுக்க வெப்பநிலை பற்றித்தான் யோசித்தேன். எனக்கு எல்லா முடிவுகளிலும் பிடித்தது இது, இதை யாரும் பேசுவதே இல்லை.

லேண்டரில் சேஸ்ட் என்று ஒரு கருவி. ஒரு கூர்மையான குச்சி, அதில் பத்து வெப்பமானிகள். மோட்டாரால் மண்ணுக்குள் இறக்குவார்கள். இறங்கிய நாலாம் நாளே இஸ்ரோ ஒரு வரைபடம் வெளியிட்டது. மேலே வெயில் தகிக்கிறது, 8 சென்டிமீட்டர் கீழே பூஜ்ஜியத்துக்கும் கீழே 10 டிகிரி. ஒரு சாண்கூட இல்லை. நிலா மண் அவ்வளவு மோசமான கடத்தி. காற்று இல்லாத பொடி, துகளும் துகளும் இலேசாகத் தொட்டுக்கொண்டு கிடப்பதால் சூடு இறங்க வழியில்லை.

இந்த மார்ச்சில் முழுக் கட்டுரை வந்தது. குச்சி இறங்கிய இடத்தில் மேற்பரப்பு உச்சவெப்பம் 82 டிகிரி. அங்கிருந்து ஒரு மீட்டர் தள்ளி, தட்டையான தரையில், 59 டிகிரி. ஒரு மீட்டரில் 23 டிகிரி வித்தியாசம்! காரணம், குச்சி இறங்கிய இடம் சூரியனைப் பார்த்து 6 பாகை சாய்ந்திருந்தது. வெறும் 6 பாகை, கண்ணுக்குச் சரிவு என்றே தெரியாது.

நம்பமுடியாமல் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். தெற்கே 69.37 பாகையில் நண்பகலில் சூரியன் அடிவானத்துக்கு மேலே 20.6 பாகைதான் நிற்கும், நம் ஊர் காலை ஏழரை மணி வெயில் மாதிரி. சாய்ந்த இடத்தில் அதுவே 26.6 ஆகிவிடும். இரண்டின் சைன் மதிப்பையும் வகுத்தால் 1.27, அதாவது சாய்ந்த இடத்துக்கு 27 சதவீதம் கூடுதல் வெயில். காற்று இல்லாத இடத்தில் தரை தன் சூட்டைக் கதிராக மட்டுமே வெளியேற்றும், அது வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் போகும். 59 டிகிரி என்பது 332 கெல்வின். 1.27-க்கு நான்காம் மூலம் எடுத்துப் பெருக்கினேன். 79 டிகிரி சொச்சம் வந்தது. அளந்தது 82.

கல்லூரியில் மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதிவிட்டு மறந்த ஸ்டீபன்-போல்ட்ஸ்மன் விதி, நாமக்கல் லாரி ஆபீஸில் உட்கார்ந்தவனுக்கு நிலாவின் தரைச் சூட்டை மூன்று டிகிரி பிசகில் சொல்லிவிட்டது. பக்கத்து மேஜைக்காரரிடம் காட்டினேன். "சரி, அந்தப் பக்கம் டீசல் கணக்கு இருக்கு, கிழிச்சுராத" என்றார்.

25 மே 2025

"சூடு தெரிந்து என்ன பயன்" என்று கேட்டவருக்கு: தண்ணீர். 6 பாகை வெயில் பக்கம் சாய்ந்தால் இவ்வளவு சூடு என்றால், எதிர்ப்பக்கம், துருவத்தைப் பார்த்து சாய்ந்தால் அவ்வளவு குளிர். துருவத்தைப் பார்த்து 14 பாகைக்கு மேல் சாய்ந்த சரிவுகளில், இந்த மாதிரித் தொலைதெற்கிலும், மண்ணுக்குக் கொஞ்சம் கீழேயே பனிக்கட்டி தங்கியிருக்கும் என்கிறது அந்தக் கட்டுரை. நிலாத் தண்ணீர் என்றாலே துருவத்தின் நிரந்தர இருட்டுப் பள்ளம்தான் என்று இருந்தது. அங்கே இறங்குவது மிகவும் கஷ்டம். சரிவுகள் போதுமென்றால் தேட வேண்டிய இடங்கள் கூடுகின்றன, இறங்குவதும் எளிது.

நிலாவில் தண்ணீரின் தடயம் உண்டு என்று 2009-ல் உறுதியானதும் நம் சந்திரயான்-1-ல் போன நாசா கருவியின் மூலம்தான்.

2 ஜூன் 2025

கந்தகத்துக்கு வருகிறேன், கேள்வியில் அது மட்டும்தான் இருந்தது!

பிரக்யானில் இன்னொரு கருவி லேசரை மண்ணில் அடிக்கும். அடிபட்ட மண் ஒரு கணம் பிளாஸ்மாவாக ஒளிரும். அந்த ஒளியைப் பிரித்துப் பார்த்தால் தனிமம் தெரியும். 2023 ஆகஸ்ட் கடைசியிலேயே கந்தகம் உறுதி என்று அறிவித்துவிட்டார்கள். கந்தகம் இருப்பதே ஆச்சரியம் என்று செய்திகள் எழுதின. அது சரியில்லை, அப்பல்லோ மண்ணிலேயே கந்தகம் உண்டு. மேலே சுற்றும் கலங்களால் அதை அளக்க முடியாது, தெற்கே அங்கேயே நின்று அளந்தது இதுதான் முதல், அதுதான் புதிது.

அதைவிட முக்கியம் எவ்வளவு என்பது. எக்ஸ்-ரே கருவியின் அளவீடுகளை மறுபடி அலசி இந்த ஆண்டு ஒரு கட்டுரை வந்தது. பத்து லட்சத்தில் 900 முதல் 1,400 பங்கு வரை கந்தகம், மற்ற மேட்டுநில மண்ணைவிடக் கூடுதல். சோடியமும் பொட்டாசியமும் மட்டும் குறைவு. இந்தச் சேர்க்கை மேலோட்டுக்கு உரியது இல்லை, நிலாவின் ஆதி உட்பகுதிச் சரக்கு கலந்திருப்பதன் அடையாளம் என்கிறார்கள். மே 18-ல் எழுதிய கிணற்று மண்தான் மறுபடி. மக்னீசியமும் கந்தகமும் தனித்தனியாக ஒரே பள்ளத்தைக் கைகாட்டுகின்றன.

9 ஜூன் 2025

இதை ஏன் இவ்வளவு நாள் எழுதாமல் வைத்திருந்தேன் என்று தெரியவில்லை. அந்த நிலாப் பாறை எங்கள் மாவட்டத்தில் இருக்கிறது.

சித்தம்பூண்டி, குன்னமலை. பரமத்தி வேலூர் பக்கம். லேண்டரையும் ரோவர் சக்கரங்களையும் சோதிக்க இஸ்ரோவுக்கு நிலா மண் மாதிரியே டன் கணக்கில் வேண்டியிருந்தது. அமெரிக்காவில் வாங்கினால் கிலோ 150 டாலர் என்று செய்தி. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறையினர் இந்த ஊர்ப் பாறையைக் காட்டினார்கள். கிரஷரில் அரைத்து, நிலா மண்ணின் துகள் அளவுக்குச் சலித்து, 50 டன் பெங்களூருக்குப் போனது. அதைத் தயாரிக்கும் முறைக்கு 2020-ல் இஸ்ரோ காப்புரிமையும் வாங்கியது.

பூமியில் அனார்த்தசைட் பல நாட்டில் உண்டு. ஆனால் அவற்றில் சோடியம் கூடுதல். நிலாவில் உள்ளது ஏறக்குறைய முழுக்கக் கால்சியம் பிளேஜியோகிளேஸ், அந்த வகை பூமியில் அபூர்வம், அது சித்தம்பூண்டியில் கிடக்கிறது. எங்கள் ஊரும் நிலாவும் ஒரே கல்!

10 ஜூன் 2025

ஒரே கல் என்றது உணர்ச்சிவசப்பட்டது. கனிமம் ஒன்று, பிறப்பு வேறு. சித்தம்பூண்டிப் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு, நிலா ஓட்டைவிட ஏறக்குறைய 200 கோடி ஆண்டு இளையது. அது எந்தக் கடலின் மேலும் மிதக்கவில்லை, பூமிக்கு அடியில் புகுந்த குழம்பு அடுக்கடுக்காக உறைந்து, பிறகு மறுபடி வெந்து அழுந்தி உருமாறியது. அதில் கறுப்பாகக் கோடு கோடாக இருக்கும் ஹார்ன்பிளெண்ட் தன் படிகத்துக்குள் நீரைக் கட்டிவைத்திருக்கும் கனிமம், நிலாப் பாறையில் அந்த இடத்தில் நீர் இல்லாத பைராக்சீன் என்ற கனிமம்தான். நம் கல் ஈரத்தில் பிறந்தது, அது வறட்சியில் பிறந்தது. சோதனைக்கு மண் வேண்டும் என்றால் இது போதும், நிலாவின் வரலாறு வேண்டும் என்றால் அங்கேதான் போக வேண்டும்.

தொடர்பில்லாத ஒன்று. அந்தப் பாறையிலேயே குருந்தக் கல் கிடைக்கும். ஆங்கிலத்தில் கோரண்டம் என்கிறார்கள், உலகம் முழுக்க அந்தப் பெயர்தான். நம் குருந்தம்தான் அப்படி ஆனது.

22 ஜூன் 2025, ஞாயிறு

அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு சித்தம்பூண்டி போய்வந்தேன். சாலையோரம் ஒரு பாறைத் திட்டு, பக்கத்தில் சோளக்காடு, ஆடுகள். வெள்ளைக் கல்லில் கறுப்புத் திட்டுகள். ஒரு பெரியவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். "எதுக்குங்க கல்லப் பாக்கறீங்க, குவாரிக்கா?" என்றார். நிலாவுக்குப் போன வண்டியைச் சோதிக்க இந்த ஊர்க் கல்தான் போச்சுங்க ஐயா என்றேன். அவருக்குத் தெரிந்திருந்தது. "லாரில ஏத்துனாங்க, பாத்தேன்" என்றார். பிறகு, "போயி சேந்துச்சுங்களா?" என்று கேட்டார்.

வண்டி போய்ச் சேர்ந்தது, கல் பெங்களூரோடு நின்றுவிட்டது என்று சொல்லி, தரையில் உட்கார்ந்து அவருக்கு மக்னீசியம் வரை எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். கிணற்று மண் உவமைக்கு மட்டும் தலையாட்டினார்.

6 ஜூலை 2025

கடைசியாகக் கேட்டவருக்கு: ரோவர் இப்போது என்ன செய்கிறது? ஒன்றும் இல்லை. 2023 செப்டம்பர் தொடக்கத்தில் தூங்க வைத்தார்கள், அந்த மாதம் 22-ஆம் தேதி வெயில் வந்ததும் எழுப்பிப் பார்த்தார்கள், எழவில்லை. நிலா இரவின் குளிருக்காக அது செய்யப்பட்டதே இல்லை. ஆனால் லேண்டரின் மேல் உள்ளங்கை அளவு கண்ணாடிக் கருவி ஒன்று இருக்கிறது, நாசா கொடுத்தது. அதற்கு மின்சாரம் வேண்டாம். அந்த டிசம்பரில் நாசாவின் சுற்றுக்கலம் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து லேசர் அடித்துப் பார்த்தது, ஒளி திரும்பி வந்தது.

இன்று வளர்பிறை. ராத்திரி ஒன்பது மணி போல தெற்கே பார்த்து நில்லுங்கள். நிலாவின் கீழ் விளிம்பு, அதிலிருந்து கொஞ்சம் மேலே, கொஞ்சம் வலப்பக்கம், வெள்ளைப் பகுதி. அங்கேதான் நிற்கிறது.